இரட்டையரில் ஒருவனை ஊருக்கு அனுப்பலாமா?

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள்: பெண் ஒன்று, ஆண் ஒன்று. 35 வாரத்தில் பிறந்தார்கள். மகன் மட்டும் 10 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். இப்போது 23 மாதம் ஆகிறது. மகள் சமர்த்து, ‘தண்ணி வேணும்’, ‘அப்பா வந்தாச்சு’ என்று சேர்த்துச் சேர்த்துப் பேசுகிறாள். மகன் ஆறேழு சொற்கள்தான் சொல்கிறான். மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனால் ரயிலைப் பார்த்து விரல் நீட்டுவான். நான் கவனிக்காவிட்டால் என் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்புவான். மற்றபடி கத்தல்தான். அக்காவைத் தடம் விழும் அளவுக்குக் கடிக்கிறான். செல்போனில் பாட்டு ஓடினால்தான் இரண்டு பேரும் வாயைத் திறக்கிறார்கள். போன வாரம் அவன் கடித்தபோது ஆத்திரத்தில் முதுகில் அடித்துவிட்டேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். சில நாள் மாலையில் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கி எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது. தென்காசிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் மாமியார், “இரண்டையும் வைத்துக்கொண்டு நீ திண்டாடாதே, பையனை நான் ஒரு வருடம் வளர்த்துத் தருகிறேன், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கூட்டிக்கொண்டு போ” என்கிறார். கணவருக்கும் அதுவே சரியென்று படுகிறது. எனக்கும் சரியென்று தோன்றத் தொடங்கிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குரோம்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்ப வேண்டாம். காரணங்களை அடுத்துச் சொல்கிறேன். ஆனால் இந்தப் பதிலை நீங்கள் முதல் வரியிலேயே படிக்க வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் இதை யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று படுகிறது.

நமக்கு ஒரு வருடம் என்பது ஒரு வருடம். உங்கள் மகனுக்கு அது இதுவரை அவன் வாழ்ந்த வாழ்வில் பாதிக்கும் மேல். தென்காசிக்குப் போனால் அவன் அம்மாவை மட்டும் பிரிவதில்லை. பிறந்தபோது சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்த 10 நாளைத் தவிர, கருவிலிருந்து ஒரு நாள்கூட விலகியிராத அக்காவையும் அதே இரவில் பிரிகிறான். எங்கே போனார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்பதற்கு அவனிடம் சொல் இல்லை. தை பிறந்தால் அம்மா வருவாள் என்று நாம் சொல்வது அவனுக்குப் புரியவும் புரியாது. முதல் சில நாள் அழுவான். பிறகு அடங்கிவிடுவான். ‘பழகிவிட்டான்’ என்று போனில் சொல்வார்கள். அந்த அமைதியை என் சிகிச்சை அறையில் பல முறை பார்த்திருக்கிறேன். மாதக்கணக்கில் பிரிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்த குழந்தை, அம்மா கை நீட்டும்போது பாட்டியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து அந்தத் தாய் உடைந்துபோவாள். சரியாகிவிடும்தான், ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

இன்னொரு காரணம் உங்கள் மகனுக்கே உரியது. இரண்டு பேரில் பேச்சு பின்தங்கியிருப்பவன் அவன். அவனுக்குச் சில பரிசோதனைகளும், தினசரிப் பேச்சுப் பழக்கமும் இந்த வருடம்தான் தேவை. ஆச்சி வீட்டில் அவன் கண் போகும் திசையைப் பார்த்தே எல்லாம் கைக்கு வந்துவிடும். கேட்க வேண்டிய அவசியமே இராது. பாசம்தான் அது, ஆனால் இந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது கேட்கும் பழக்கம்.

உங்கள் மாமியாரை நான் குறை சொல்லவில்லை. பாட்டி வீட்டில் பிள்ளை வளர்வது நம் குடும்பங்களில் காலங்காலமாக உள்ளதுதான். இதைப் படிக்கிற பலரும் அப்படி வளர்ந்தவர்களே. மருமகள் தத்தளிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் தலையில் பாரத்தை ஏற்றிக்கொள்ள முன்வரும் மனது பெரிய மனது. அந்த மனதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வேறு வழியில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆச்சியால் வர முடியுமானால் இரண்டு மாதம் குரோம்பேட்டைக்கு வரட்டும். இரண்டு மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்காது என்றால், சாரல் விழும் ஜூன், ஜூலையில் நீங்கள் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் ஒரு மாதம் இருங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்றுதான் போகிறது. முற்றமும், ஓடுவதற்கு இடமும், ‘இவனைக் கொஞ்சம் பிடி’ என்றால் பிடிக்க நாலு கைகளும் இருக்கும் வீட்டில் ஒரு மாதம் இருந்தால் உங்கள் உடம்பும் தேறும். வாடகை ஒப்பந்தம் முடியும்போது தரைத்தள வீடாகத் தேடுங்கள். இரட்டையர் இருக்கும் வீட்டில் மாடிப்படி என்பது தினமும் நான்கு முறை தீர்க்க வேண்டிய கணக்கு: யாரை முதலில் தூக்குவது, யாரை மேலே விட்டுவிட்டு வருவது? இந்த ஒரு காரணத்தாலேயே வாரக்கணக்கில் வெளியே போகாத தாய்மார்களை எனக்குத் தெரியும்.

ஆனால் ஆச்சியின் யோசனைக்குள் ஒரு உண்மை இருக்கிறது. இந்த இரண்டு பேரையும் பிரிக்கத்தான் வேண்டும். தென்காசிக்கும் சென்னைக்குமாகப் பிரிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்குள்ளேயே, தினமும் சில நிமிடங்கள் போதும்.

ஒரு நாள் முழுக்க நீங்கள் அவர்களிடம் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். ‘வாருங்கள்’, ‘உட்காருங்கள்’, ‘ஓடாதீர்கள்’, ‘இரண்டு பேரும் சும்மா இருங்கள்’. எல்லாம் பன்மை. ஒற்றைப் பிள்ளை வளரும் வீட்டில் அம்மா காலை முதல் இரவு வரை ‘நீ’ என்று பேசிக்கொண்டிருக்கிறாள்: நீ என்ன பார்க்கிறாய், உன் காலில் என்ன மண், நீ கொடு பார்ப்போம். இரட்டைக் குழந்தைகள் இந்த ‘நீ’யைக் குறைவாகக் கேட்டு வளர்கிறார்கள். இது தாயின் குற்றம் இல்லை. இரண்டு கை, ஒரு வாய், ஒரு பகல் என்ற அளவில் அப்படித்தான் அமையும். ஆனால் குழந்தையின் மொழி வளர்வது அந்த ‘நீ’யில்தான். இரட்டையர் பேச்சில் சற்றுப் பின்தங்குவதற்கு முன்கூட்டியே பிறப்பது ஒரு காரணம். தன் ஒருவனை மட்டும் பார்த்துப் பேசும் நேரம் குறைவது இன்னொரு காரணம்.

ஆகவே நான் எழுதித் தரும் மருந்து இதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் 10 நிமிடம், மற்றவர் இல்லாத நேரம். தனியாக இருக்கிற எனக்கு அது எப்படி முடியும் என்று கேட்பீர்கள். காலையில் மகனைக் கால் மணி முன்னதாக எழுப்புங்கள். மதியம் தூங்கப் போடும்போது அவனை முதலில் தட்டிக் கொடுத்துவிட்டு மகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கணவர் வீட்டில் இருக்கும் நாளில் ஒருவரைக் கடைக்குத் தூக்கிப் போகட்டும். அந்த நேரம் மற்றவருக்கு. தினமும் நடக்காது. வாரத்தில் நான்கு நாள் நடந்தால் நன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 10 நிமிடத்தில் எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘இது என்ன சொல்லு, அம்மா சொல்லு, பந்து சொல்லு’ என்று பரீட்சை வைத்தால் பேச்சு வரத் தயங்கும் குழந்தை இன்னும் வாயை மூடிக்கொள்ளும். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பாருங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த இடைவெளிதான் அவனுடைய முறை. அவன் ‘யி’ என்றால் ‘ஆமாம், ரயில். ரயில் போகிறது’ என்று ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். தவறைத் திருத்த வேண்டாம். சரியான சொல்லை அவன் காதில் விழவைத்தால் போதும்.

ரயிலைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். விரல் நீட்டுகிறான், நீங்கள் பார்க்காவிட்டால் உங்கள் முகத்தையே திருப்புகிறான். தான் கண்ட அதிசயத்தை அம்மாவும் காண வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை அவன். 22, 23 மாதத்தில் ஒரு மருத்துவர் தேடுகிற முக்கியமான அறிகுறி இது. அதைப் படித்தபோது எனக்கே ஆறுதலாக இருந்தது. அதனால் விடுமுறை நாளில் அவனை மட்டும் குரோம்பேட்டை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போங்கள். புறநகர் ரயிலில் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய்தான். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை. பல்லாவரம் தாண்டித் திரிசூலத்தில் இறங்கினால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. ரயில் ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம். அந்தப் பிள்ளைக்குச் சொல்வதற்கு அவ்வளவு விஷயம் கிடைக்கும். அடுத்த வாரம் மகளை, அவளுக்குப் பிடித்த வேறு எங்காவது அழைத்துப் போங்கள்.

இனி பரிசோதனை. இதைத் தள்ளிப்போடக் கூடாது. 35 வாரத்தில் பிறந்ததால் வளர்ச்சியைக் கணக்கிடும்போது ஐந்து வாரத்தைக் கழித்துக்கொள்கிறோம். அதாவது அவனுக்கு ஏறத்தாழ 22 மாதம். 2 வயதை எட்டும்போது ஒரு குழந்தையிடம் சுமார் 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்க்கும் முயற்சியும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவன் அந்த அளவுக்கு வெகு கீழே இருக்கிறான். ‘ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்’ என்பார்கள். ‘இரட்டை என்றால் அப்படித்தான்’ என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களை நம்பிக் காத்திருந்து, மூன்றரை வயதில் காது கேட்காத பிள்ளையோடு வந்து நின்ற பெற்றோரைப் பார்த்தவள் நான். சராசரி என்பது ஊருக்குப் பொருந்தும். உங்கள் மகனுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் காது. 10 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்குச் செவித்திறனைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். பிறந்தபோது பரிசோதித்துச் சரி என்று சொல்லியிருந்தாலும் இப்போது மறுபடி பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறைவதுண்டு. ஓஏஇ, பெரா என்ற இரண்டு பரிசோதனைகளிலும் வலி கிடையாது. பெரா செய்யும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. உங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், வளர்ச்சித் தாமதத்தைப் பார்ப்பதற்கென்றே பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனி மையங்கள் உள்ளன. அங்கே மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. காது நன்றாக இருந்தால் அடுத்துப் பேச்சுப் பயிற்சி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் போவது, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்ப்பது, சொல்லிக்கொண்டிருந்த சொற்களும் மறைந்துபோவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் வரிசைக்காகக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.

அவன் கடிப்பதற்கும் இதே வேர்தான். அவனுக்குக் கோபம் வருகிறது, சொல் வரவில்லை, பல் வருகிறது. ஒன்று முதல் மூன்று வயது வரை பிள்ளைகள் கடிப்பது சாதாரணம். இரட்டையர் வீட்டில் கடி வாங்குபவர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பதால் அது அதிகமாகத் தெரிகிறது. ஒரு வாரம் மட்டும், அவன் கடித்த நேரத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பெரும்பாலும் அது பசி நேரமாக இருக்கும், அல்லது தூக்கம் தவறிய மாலையாக இருக்கும், அல்லது ஒரே பொம்மையை இருவரும் பிடித்த கணமாக இருக்கும். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுங்கள். வாய் திறக்கும்போது கையைக் குறுக்கே வைத்து, ‘கடிக்கக் கூடாது. “தா” என்று கேள்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லி, அவன் கையை நீட்ட வையுங்கள். ‘தா’, ‘எனக்கு’, ‘வேண்டாம்’ என்ற மூன்று சொற்கள் அவன் வாயில் ஏறிவிட்டால் பாதிக் கடி நின்றுவிடும்.

கடித்தே விட்டால் முதலில் மகளிடம் போங்கள். அவளைத் தூக்கி, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவளோடு பேசுங்கள். அவனைத் திட்டுவதற்காக ஓடினால், கடித்தவனுக்குத்தான் அம்மா முழுதாகக் கிடைக்கிறாள். பதிலுக்குக் கடித்துக் காட்டச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அடிப்பதும் அப்படித்தான். பெரியவர்கள் கோபத்தை உடம்பால் காட்டுகிறார்கள் என்பதை மட்டும்தான் அவன் கற்றுக்கொள்வான். அன்றைக்கு நீங்கள் அடித்ததற்காக உங்களை நான் கண்டிக்கவில்லை. அடித்த பிறகு அழுத தாய்க்கு என் கண்டனம் எதற்கு? அடுத்த முறை கை ஓங்கும்போது இரண்டு பேரையும் பத்திரமான அறையில் விட்டுவிட்டு, கதவுக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்று தண்ணீர் குடியுங்கள். அவர்கள் அழட்டும். இரண்டு நிமிட அழுகையால் ஒன்றும் ஆகாது.

அந்தப் ‘பத்திரமான அறை’ உங்கள் வீட்டில் இருக்கிறதா? இரண்டு பேரும் இரண்டு திசையில் ஓடும் வயது இது. ஒருவரைப் பிடிக்கும்போது மற்றவர் உங்கள் கண்ணில் இருக்க மாட்டார். ஒரே ஒரு அறையை மட்டும் முழுக்கப் பாதுகாப்பாக்குங்கள். சமையலறை வாசலில் இடுப்புயரத் தடுப்புக் கதவு. பால்கனிக் கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் கூடாது. குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள்; சில அங்குலத் தண்ணீர் போதும் இந்த வயதில் உயிர் போக. பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரத்தை மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டு, சில நிமிடங்களில் வலிப்போடு தூக்கி வரப்பட்ட பிள்ளைகளைச் சென்னையில் எந்தக் குழந்தை மருத்துவரும் பார்த்திருப்பார். இன்னொன்று: இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போகவே போகாதீர்கள். 4 வயதுக்குக் குறைந்த குழந்தையை இரு சக்கர வாகனத்தில் கூட்டிப் போனால் ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த வாரில் ஒரு பிள்ளையைத்தான் கட்ட முடியும்.

அடுத்தது செல்போன். சாப்பாட்டுக்கு மூன்று வேளை, வேளைக்கு 40 நிமிடம் என்றால் தினமும் 2 மணி நேரம் உங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசாத நேரமாகிறது. பேச்சு வராத பிள்ளைக்கு அந்த 2 மணி நேரம் பெரிய இழப்பு. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறையக் குறைய நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. ஆச்சியோடு வீடியோ அழைப்பில் பேசுவது இந்தக் கணக்கில் சேராது. அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது இந்த விஷயத்தில் பலிப்பதில்லை. அழுதால் மறுபடி கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. கணவருக்குத் தொடர்ந்து இரண்டு நாள் விடுப்பு வரும்போது ஒரேயடியாக நிறுத்துங்கள். நான்கைந்து நாள் கடினமாக இருக்கும். இரண்டு வேளை சரியாகச் சாப்பிட மாட்டார்கள். ஆரோக்கியமான குழந்தை அதைத் தாங்கும். இரட்டையரைப் பெற்ற உங்களுக்கு இதில் ஒரு வரம் உண்டு. தரையில் பழைய புடவையை விரித்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கொரு தட்டில் இட்லியோ பருப்புச் சாதமோ போட்டு, கையால் எடுத்துத் தின்ன விடுங்கள். ஒருவர் தின்பதைப் பார்த்து மற்றவர் தின்பார். பாதி தரையில்தான் விழும். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். கெஞ்ச வேண்டாம், பின்னால் ஓட வேண்டாம். பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. வயிறு பாலால் நிறைந்த பிள்ளைக்குப் பசி எப்படி வரும்? இருவரும் முன்கூட்டியே பிறந்தவர்கள் என்பதால் உடம்பில் இரும்புச் சத்து குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். எழும்பூர் போகும்போது ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். பசியின்மைக்கும் எரிச்சலுக்கும் அதுவே காரணமாக இருந்துவிடக்கூடும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்குகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த பத்தி உங்கள் கணவருக்கு. தம்பி, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, இரண்டு குழந்தைகள் கத்தும் வீட்டில் பகலில் தூங்குவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். உங்களையும் யாரும் கேட்பதில்லை. ஆனால் மகனை ஊருக்கு அனுப்பினால் வீட்டில் பாதிப் பாரம் குறையும் என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பு. மனைவியின் மனத்தில் அது இரட்டிப்பாகும். நான் உங்களிடம் கேட்பது இதுதான்: எந்த ஷிஃப்டாக இருந்தாலும் நாளில் ஒரு வேலை முழுக்க உங்களுடையதாக இருக்கட்டும். குளிப்பாட்டுவது என்றால், வெந்நீர் போடுவதிலிருந்து துவட்டி உடை மாட்டுவது வரை, யாரும் நினைவுபடுத்தாமல், நீங்கள்தான். உங்கள் மனைவிக்குத் தினமும் அரை மணி நேரம், ‘இப்போது என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்’ என்று தெரிந்த நேரமாக அது கிடைக்க வேண்டும். அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு 2 வயது முடிகிறது. அங்கன்வாடி முன்பருவக் கல்வியில் சேர்க்கலாம். பக்கத்தில் இருக்கும் அங்கன்வாடியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் அவர்கள் அங்கே இருந்தால் வீட்டுக்கு மூச்சு கிடைக்கும். தெருவைத் தாண்டி இருக்கிற அங்கன்வாடி, 600 கிலோமீட்டர் தாண்டி இருக்கிற ஊர் மாதிரி இல்லை. மதியம் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான்.

சகோதரி, ‘படியிறங்கி எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அசதியில் எந்தத் தாய்க்கும் வரும் நினைப்பு அது என்று தட்டிவிட மாட்டேன். பிள்ளைகள் தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லையா? பிடித்த எதிலும் மனம் ஒட்டுவதில்லையா? நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றுகிறதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்றால், இந்தப் பதிலைப் பாதியில் வைத்துவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். இரட்டையரைப் பெற்ற தாய்மார்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். பிரசவம் முடிந்து ஒன்றரை, இரண்டு வருடம் கழித்தும் அது இருக்கலாம். சிகிச்சை உண்டு, நன்றாகக் குணமாகும்.

கடைசியாக உங்கள் மகள். நான்கு பக்கக் கடிதத்தில் அவளைப் பற்றி ஐந்தாறு வரிதான் இருக்கிறது: சமர்த்து, பேசுகிறாள், கடி வாங்குகிறாள். இரண்டு நிமிடம் முன்னால் பிறந்ததால் அவள் அக்காவாகிவிட்டாள். அவன் கத்தினால் ‘தம்பிக்கு என்ன வேண்டும்?’ என்று அவளைத்தான் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அவளும் சரியாகச் சொல்லிவிடுவாள். அதை இன்றோடு நிறுத்துங்கள். அவனுக்குப் பேசும் தேவை வர வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 23 மாதத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தம்பியைப் புரிந்துகொள்ளும் வேலை இருக்கக் கூடாது. தொல்லை தராத பிள்ளை வீட்டில் மெல்ல மெல்லக் கண்ணில் படாமல் போய்விடுகிறது. அவளும் பிடிவாதம் பிடிக்கட்டும், தட்டைக் கவிழ்க்கட்டும், ‘மாட்டேன்’ என்று சொல்லட்டும். அவளுடைய 10 நிமிடத்தை அவன் அழுகைக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செவித்திறன் பரிசோதனை முடிந்ததும் அந்த அறிக்கையோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதில் ஒரு பக்கம் முழுக்க மகளைப் பற்றி மட்டும் இருக்கட்டும்: அவளுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் பயப்படுவாள், தனியாக இருக்கும்போது என்ன பாடுகிறாள்.